டபிள்யூ.சி. பாலிசியில் ஆள் கணக்கையும் சம்பளத்தையும் குறைத்துச் சொல்லலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறீர்கள். உள்ளே 7 பேர். வெளியே ஷெட் ஏற்றும் வேலை வந்தால் கான்ட்ராக்ட் ஆட்கள் 2 பேர், சில மாதங்களில் 4 பேர். சராசரிச் சம்பளம் 20,000. ஒரு பெரிய கம்பெனி வேலை கொடுக்கிறது, ஆனால் உள்ளே விட டபிள்யூ.சி. பாலிசி, அதாவது வேலையில் அடிபடும் ஆளுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு, அதன் நகல் கேட்கிறது. ஏஜென்ட், 9 பேரையும் உண்மையான சம்பளத்தையும் காட்டினால் பிரீமியம் 32,400 வரும், "5 பேர், மாதம் 10,000, பட்டறை ஹெல்பர்" என்று போட்டால் 9,000-த்தில் முடித்துவிடலாம் என்கிறார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொல்கிறார். அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வேனா, உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டிக்கொள்வீர்களா என்பதை முதலில் ஒதுக்கி வைக்கலாம். விபத்து நடக்காத வருஷத்தில் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, அது உண்மை. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்தப் பாலிசி கேட்டில் காட்ட ஒரு தாளா, ஆள் ஒருவர் விழுந்த அன்றைக்குப் பணம் தருமா? பொதுக் காப்பீட்டில் க்ளெய்ம் பிரிவில் 27 வருஷம் இருந்தேன், பெரும்பாலும் சென்னையிலும் சுற்றுவட்டாரத் தொழிற்பேட்டைகளிலும். நான் வக்கீல் இல்லை. உங்கள் பாலிசி வாசகத்தைப் பார்க்காமல் உங்கள் வழக்கு எப்படி முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி எழுதி வாங்கிய பாலிசிகள் விபத்துக்கு அப்புறம் என்ன ஆகின்றன என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பாலிசிக்குப் போகும் முன் ஒன்று. 7 பேரும் 4 பேரும் சேர்ந்தால் 11. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம், கட்டாயம், கான்ட்ராக்ட் ஆட்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. மாதம் 21,000 வரை வாங்குபவர்கள் எல்லாரும் அதில் அடங்குவார்கள். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அதாவது 20,000 வாங்கும் ஒருவருக்கு நீங்கள் கட்டுவது மாதம் 650 ரூபாய். அதற்கு கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் போல உதவித்தொகை வரும். ஈ.எஸ்.ஐ.யில் அடங்கும் ஆளுக்கு டபிள்யூ.சி. பாலிசி மாற்று கிடையாது, ஈ.எஸ்.ஐ. இருந்தால் அந்த விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாகக் கேட்கவும் முடியாது. ஆகவே முதலில் உங்கள் ஆடிட்டரிடமோ ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ உண்மையான ஆள் எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்கள். ஆள் பத்தைத் தொடாத பட்டறைக்கும், 21,000-க்கு மேல் வாங்கும் ஆட்களுக்கும்தான் நான் கீழே எழுதுவது நேராகப் பொருந்தும்.

இனி பாலிசி. பலரும் நினைப்பது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிதான் தொழிலாளிக்குப் பொறுப்பு என்று. சட்டத்தில் பொறுப்பு முழுக்க உங்களுடையது. 1923-லிருந்து அப்படித்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று இருந்தது, 2010-ல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டும், யார் தவறு என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. உங்களிடம் பாலிசி இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தொழிலாளியின் உரிமையைத் தொடாது. நீங்கள் கொடுக்க வேண்டியதை உங்களுக்காக இன்னொருவர் கொடுப்பார் என்ற ஒப்பந்தம்தான் பாலிசி. அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் சொன்ன அளவுக்குத்தான் அவர் வருவார். சொல்லாத மிச்சம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000. உங்கள் வெல்டருக்கு 30 வயது, சம்பளம் 22,000 என்றால் 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு தனி. இறக்காமல், இனி எந்த வேலைக்கும் போக முடியாதபடி முடங்கினால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், அதாவது 18,71,820. இப்போது ஏஜென்ட் சொன்னபடி 10,000 என்று பாலிசியில் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு இறப்புத் தொகை 10,39,900. வித்தியாசம் 5,19,950. இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையர் போடும் உத்தரவு 15,59,850-க்குத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் பார்ப்பது உண்மைச் சம்பளத்தை. இன்சூரன்ஸ் கம்பெனி தன் பங்கு 10,000 அடிப்படையில்தான் என்று வாதாடும்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இந்தப் பாலிசியில் பிரீமியம் போடுவது வருஷத்தின் மொத்தச் சம்பளத்தின் மேல், ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று. உங்கள் உண்மையான மொத்தச் சம்பளம் வருஷத்துக்கு 21,60,000. காட்டப்போவது 6,00,000. நூறு ரூபாய் ஆபத்தில் 28 ரூபாய்க்குக்கூட நீங்கள் விலை கொடுக்கவில்லை. இதே விகிதத்தில்தான் தருவேன் என்று கம்பெனி நின்று, அது செல்லுபடியானால், 15,59,850-இல் வருவது சுமார் 4,33,000 மட்டும். பாக்கி 11 லட்சத்துக்கு மேல் நீங்கள் புரட்ட வேண்டும். மிச்சம் பிடித்தது 23,400.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம், பலர் என்னிடம் கேட்டதுதான். சட்டமே 15,000-த்துக்கு மேல் பார்க்காது என்றால் 22,000 என்று ஏன் சொல்ல வேண்டும்? படிவம் கேட்பது உண்மையில் கொடுக்கும் சம்பளத்தை. உச்சவரம்பு என்பது ஆணையர் கணக்குப் போடும் முறை, உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டிய எண் அது இல்லை. அதோடு அந்த வரம்பு நிலையானதும் இல்லை. 2010-ல் 8,000 ஆக்கினார்கள். பத்து வருஷம் அப்படியே இருந்ததால் நிறையப் பேர் 8,000 என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். 2020 ஜனவரி 3-ஆம் தேதி அது ஒரே நாளில் 15,000 ஆனது. பாலிசி நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தேதிக்கு அப்புறம் நடந்த விபத்துக்கு ஆணையர் 15,000 வைத்துக் கணக்குப் போட, பாலிசியில் 8,000 மட்டும் இருந்தது. உண்மைச் சம்பளத்தை எழுதியவர்கள் தப்பித்தார்கள். வரம்பைப் பார்த்து எழுதியவர்கள், ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்கள்கூட, அகப்பட்டுக்கொண்டார்கள். இனியும் அரசு அறிவிக்கையில் அந்த எண் மாறலாம்.

சரி, ஆள் கணக்கு எப்படித் தெரியவரும்? ஒரு சம்பவம் சொல்கிறேன். புறநகர் ஒன்றில் ஒரு பிரஸ் ஷாப். பவர் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு வலது கையில் நான்கு விரல்களும் போய்விட்டன. சட்டத்தின் அட்டவணைப்படி அது 50 சதவீத இழப்பு. பாலிசி 6 பேருக்கு. நான் போய்ப் பார்த்தபோது மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, தயாராக மேஜையில் இருந்தது. 6 பெயர், நான்காவது பெயர் அடிபட்ட பையன். 11 மாத வருகையும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். பட்டறையில் 11 மாதம் ஓடிய நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓரமெல்லாம் கறுத்து, எண்ணெய் விரல் பதிந்து, நடுவில் யாரோ அட்வான்ஸ் வாங்கிய கணக்கு கிறுக்கி இருக்கும். அந்த நோட்டைத் திறந்தால் புதுத் தாள் வாசனை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய் டீ சொன்னேன். பட்டறைக்கு மாதக் கணக்கு உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் சந்தோஷமாக நோட்டை எடுத்துக் காட்டினார். தினமும் காலை 11, மாலை 11. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 4. விபத்து நடந்த அன்று காலை 11, மாலை ஒன்றும் இல்லை.

அந்த முதலாளி கெட்டவர் இல்லை. பையனைத் தானே வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், முதல் நாள் செலவெல்லாம் அவர் கையிலிருந்து போனது. ஆனால் 6 பேருக்குப் பிரீமியம் கட்டி 11 பேரை வைத்திருந்தார், அப்புறம் அதை மறைக்க நோட்டு எழுதினார். அந்த இரண்டாவது காரியம்தான் அவரைக் கவிழ்த்தது. ஆளைக் குறைத்துச் சொன்னதோடு நின்றிருந்தால் விகிதத்தில் குறைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேச இடம் இருந்தது. பொய்ப் பதிவேடு தயாரித்தார் என்று ஆனதும் கம்பெனி க்ளெய்மையே மறுத்துவிட்டது. அவர் வழக்குப் போட்டார், வருஷங்கள் போயின. அறிக்கை எழுதியது நான். எழுதியதில் தப்பு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பையன் கையைத் துண்டால் மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது கண்ணிலிருந்து போகவில்லை.

அது பழைய காலம். இப்போது டீக்கடை வரைகூடப் போக வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் ஜிபேயில் அனுப்பும் சம்பளம் ஆளாளுக்குப் போனில் இருக்கிறது. தொழிலாளியின் மனைவி அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆணையர் முன்னால் நீட்டினால் போதும். வருமான வரிக் கணக்கில் உங்கள் ஆடிட்டர் முழுச் சம்பளத்தையும் செலவாகக் காட்டியிருப்பார், காட்டத்தான் வேண்டும். ஒரு இடத்தில் 21 லட்சம், இன்னொரு இடத்தில் 6 லட்சம். விசாரணையில் உங்களைக் கூண்டில் ஏற்றிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போது எதைச் சொல்வீர்கள்? 10,000 என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய். 22,000 என்றால் பாலிசியில் எழுதியது பொய். இந்த இடத்தில் நின்று வியர்த்த முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய இழப்பீட்டுச் சட்டத்தில் சம்பளம் என்பதில் பணமதிப்புள்ள சலுகைகளும் சேர்ந்தன, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸாகப் பிரித்துக் காட்டும் வழியையும் புதிய தொகுப்புச் சட்டம் பெருமளவு அடைத்துவிட்டது. விலக்கு பெறும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகப்படி மறுபடி சம்பளத்தில் சேர்ந்துவிடும்.

சம்பளத்தையும் ஆளையும்விட எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவது பொய், "பட்டறை ஹெல்பர்" என்று போடுவது. உங்கள் ஆட்கள் 20 அடி உயரத்தில் பர்லின் மேல், அதாவது கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல், நடந்து ஷீட் போடுகிறவர்கள். தரையில் நின்று வேலை செய்பவருக்கும் அவர்களுக்கும் ஒரே விலை இருக்க முடியாது. ஆளைக் குறைத்துச் சொன்னால் தொகை குறையும், வேலையையே மாற்றிச் சொன்னால் "இந்த ஆபத்தை நான் ஏற்கவே இல்லை" என்று கம்பெனி சொல்ல முடியும். அந்த வாதத்தை உடைப்பது கஷ்டம். உயரத்தில் செய்யும் வேலை, வேறு கம்பெனி வளாகத்துக்குள் செய்யும் வேலை, கேஸ் கட்டிங் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலையின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய தீர்ப்பு ஒன்று. 1975-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு சினிமா அரங்கில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரு கை இருக்கிறதே, பகுதி ஊனம்தானே என்பது முதலாளி தரப்பு வாதம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவருக்கு இது முழு ஊனம் என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கக் கடமைப்பட்டது என்பதையும் அதே தீர்ப்பு உறுதிசெய்தது. உங்கள் வெல்டர் யார், அவர் கை என்ன வேலை செய்தது என்பதை வைத்துத்தான் ஆணையர் தொகையை முடிவுசெய்வார். பாலிசியில் "ஹெல்பர்" என்று இருப்பது அவரைக் கட்டுப்படுத்தாது.

கான்ட்ராக்ட் ஆட்கள் "என் ஆட்கள் இல்லையே" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்வித்தால், தொழிலாளி நேராக உங்களிடம் இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு நீங்கள் கான்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போகும் ஷெட் மேஸ்திரியிடம் 15 லட்சம் வசூல் ஆகுமா என்று நீங்களே சொல்லுங்கள். இதே விதி மேலேயும் போகிறது. உங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியும் உங்கள் ஆளுக்காக இழுக்கப்படலாம், அதனால்தான் பாலிசி நகல் கேட்கிறார்கள். கேட் பாஸ் 9 பேருக்கு, பாலிசி 5 பேருக்கு என்று அவர்களின் பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தால், விபத்தே இல்லாமல் வேலை போகும்.

இதுவரை சொன்னதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துவிடுகிறேன். உங்கள் பொறுப்பு உறுதி. கணக்கு முறை உறுதி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் விழும் என்பது உறுதி. அபராதம் முதலாளியின் தவறுக்கானது, பாலிசி அதைத் தாங்காது. வட்டியைப் பாலிசியில் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம், கம்பெனி அப்படி விலக்கி எழுதிக்கொள்ளலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பாலிசியில் வட்டி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 15,59,850-க்கு ஒரு வருஷ வட்டி மட்டும் 1,87,182.

உறுதியில்லாதது, குறைத்துச் சொன்னதற்காகக் கம்பெனி எந்த அளவு விலக முடியும் என்பது. சில வழக்குகளில் முழுத் தொகையையும் கம்பெனியே கட்டு, அப்புறம் முதலாளியிடம் வசூல் செய் என்று உத்தரவாகிறது. சிலவற்றில் பாலிசியில் உள்ள சம்பள அளவோடு கம்பெனி நின்றுவிடுகிறது. சிலவற்றில் முழுக்கத் தப்பிக்கிறது. பாலிசி வாசகம், படிவத்தில் கேட்ட கேள்வி, யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்பதை வைத்து மாறும். ஆகவே "ஒரு பைசா வராது" என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். "ஒன்றும் ஆகாது" என்ற ஏஜென்டின் பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது. முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூல் செய்தால், உங்களைப் பொறுத்தவரை பாலிசி இல்லாத மாதிரிதான்.

நான் இருந்த துறையின் குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. பாலிசி விற்கும்போது யாரும் பட்டறைக்கு வருவதில்லை. 5 பேர் என்றால் 5 பேர் என்று எழுதிக்கொள்கிறார்கள். க்ளெய்ம் வந்த அன்றைக்குத்தான் எல்லாக் கேள்வியும் பிறக்கிறது. இது நியாயமில்லை என்று வேலையில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் படிவத்தின் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜென்ட் நிரப்பினார், நான் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்பது க்ளெய்ம் மேஜையில் எடுபட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் பட்டறையில் எத்தனை பேர், என்ன வேலை என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை நீங்கள் சொல்வதை நம்பித்தான் எதிர்த்தரப்பு விலை போடுகிறது. காப்பீட்டுச் சட்டம் முழுக்க நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான்.

இதுவரை பேசியதெல்லாம் உங்கள் பணம். என்னை இவ்வளவு நீளமாக எழுத வைப்பது வேறு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இந்த வழக்குகளுக்காக நிறைய முறை போயிருக்கிறேன். ஒருமுறை ஒடிசாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், இடுப்பில் குழந்தை, கூட மைத்துனர். கணவர் ஷெட் வேலையில் விழுந்து இறந்து ஒன்றரை வருஷம். அவருக்குத் தமிழ் தெரியாது, மைத்துனருக்கு அரைகுறை. முதலாளி விபத்து நடந்த வாரமே 3 லட்சத்தைக் கையில் கொடுத்து, "இனி எந்த உரிமையும் இல்லை" என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார். அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. இறப்பு இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது பெரும்பாலும் கணக்கில் சேராது, உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவதும் செல்லாது. முதலாளிக்கு 3 லட்சம் போனது. பாலிசியில் அந்த வேலையே இல்லாததால் கம்பெனி வரவில்லை. உத்தரவு வந்தபோது கட்ட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை, பட்டறையை மூடியிருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு நாள் ரயிலில் வந்து போனார். யார் யாரை ஏமாற்றியது என்று அந்த வராந்தாவில் நின்று யோசித்துப் பார்த்தேன். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. ஏஜென்ட் கமிஷன் வாங்கிவிட்டார். குறைத்துச் சொன்ன அந்தச் சில ஆயிரங்களின் விலையைக் கட்டியது, அந்தப் படிவத்தைப் பார்த்தே இராத ஒரு பெண்.

"எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் முழுசாகக் காட்டினால் கொட்டேஷனில் தோற்றுப்போவேன்" என்பது உங்கள் கடைசி வாதம், அதில் உண்மை இருக்கிறது. குறைத்துக் காட்டுகிறவர்கள் சந்தை விலையைக் கீழே இழுக்கிறார்கள், சரியாகச் செய்பவர்கள் நசுங்குகிறார்கள். ஆனால் தொகையைப் பாருங்கள். 23,400-ஐ 9 பேருக்கும் 300 வேலை நாளுக்கும் பிரித்தால் ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 8 ரூபாய் 70 பைசா. இன்றைக்குச் சென்னையில் அதற்கு ஒரு டீ கிடைக்காது. கொட்டேஷனில் "தொழிலாளர் காப்பீடு" என்று தனி வரியாகப் போடுங்கள். பெரிய கம்பெனிகளின் கொள்முதல் பிரிவு அந்த வரியை எளிதில் வெட்டாது, ஏனென்றால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

பிரீமியத்தை நேர்மையாகக் குறைக்கவும் வழி உண்டு, ஏஜென்ட்கள் அதைச் சொல்ல மெனக்கெடுவதில்லை. 9 பேரையும் ஒரே வகையில் போடாமல் பிரிக்கச் சொல்லுங்கள். கணக்கு எழுதுபவருக்கும் ஸ்டோர் பையனுக்கும் விலை குறைவு. உயரத்தில் ஏறும் ஆட்களை மட்டும் அதிக விலை வகையில் வையுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் நான்கு மாதம்தான் வருகிறார்கள் என்றால் அந்த நான்கு மாதச் சம்பளத்தை மட்டும் மதிப்பிட்டுக் காட்டலாம். இந்தப் பாலிசியில் ஆரம்பத்தில் கட்டுவது மதிப்பீட்டுப் பிரீமியம்தான். வருஷ முடிவில் உண்மைச் சம்பளக் கணக்கைக் கொடுத்தால், கூடியிருந்தால் கட்ட வேண்டும், குறைந்திருந்தால் திரும்பக் கேட்கலாம். ஒழுங்கான சம்பளப் பதிவேடு வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி பயன்படும். இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேளுங்கள், எல்லாரிடமும் ஒரே தகவலைக் கொடுத்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள், மருத்துவச் செலவு. வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான செலவை முதலாளி கொடுக்க வேண்டும், சட்டத்தில் அதற்கு வரம்பு இல்லை. பாலிசியில் அது பெரும்பாலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது, அதற்கு ஒரு உச்சத் தொகையும் இருக்கும். அதை எவ்வளவு கூட்டிப் போட முடியுமோ கூட்டிப் போடுங்கள்.

போன வருஷம் ஏற்கெனவே 5 பேர் என்று எடுத்த பாலிசி இன்னும் இரண்டு மாதம் ஓடுகிறது, அதை என்ன செய்வது என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் அவசரம். புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதுங்கள். பாலிசி எண், இன்றைய தேதியில் உள்ள ஆட்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு வகைக்கும் மாதச் சம்பளம், உயரத்தில் செய்யும் வேலை, வேலை நடக்கும் இடங்கள், கான்ட்ராக்ட் ஆட்களும் உண்டு என்பது, இத்தனையும் அதில் இருக்கட்டும். இதற்கேற்பப் பாலிசியைத் திருத்தி எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேரும் திருத்தத் தாள், கொடுங்கள், கூடுதல் பிரீமியம் கட்டத் தயார் என்று எழுதுங்கள். ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள், கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். பணம் கட்டிய பிறகுதான் கவரேஜ் தொடங்கும், கடிதம் கொடுத்த அன்றைக்கு இல்லை, ஆகவே தொகையைச் சொன்ன உடனே கட்டிவிடுங்கள். எண்டார்ஸ்மென்ட் கைக்கு வரும் வரை யாரையும் கூரை மேல் ஏற்றாதீர்கள்.